மீதி ஏழு நிமிடம்

மக்கள் வசதி மாளிகை என்று பெயர் வைத்த அந்தக் கட்டடத்தில் மக்கள் இருந்தார்கள், மாளிகையும் இருந்தது. வசதியைப் பற்றிக் கேட்டால் முதல் மாடியில் மனு எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். தையல்காரர் அங்கே போனது கடைக்கு உரிமம் புதுப்பிக்க. மனைவிக்கு அன்று பகல் ஷிஃப்ட் என்பதால் மூன்றரை வயது மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். அவளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். காரணம் கேட்கத் தேவையில்லை, ஐந்து நிமிடம் கூட இருந்து பார்த்தால் போதும்.

காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று வரிசைகளில் நின்றார். முதல் வரிசையில், இதற்கு இரண்டாவது வரிசையில் முத்திரை வாங்கி வரவேண்டும் என்றார்கள். இரண்டாவதில் முத்திரை வைத்தார்கள். மூன்றாவதில் இருந்தவர் அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, இதை யார் வைக்கச் சொன்னது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வாலு அப்பாவின் காதோடு வாய் வைத்து ஒரு ரகசியம் சொன்னாள். தள்ளிப்போடக்கூடிய ரகசியம் இல்லை.

ஆண்கள் கழிப்பறையில் வாசலிலேயே குளம் கட்டி நின்றது. பெண்கள் கழிப்பறையில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்து, ஆம்பளை உள்ளே வரக்கூடாது, குழந்தையை மட்டும் அனுப்புங்கள் என்றார். வாலு மாட்டேன் என்று அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அந்த அம்மாளே நடைவழியின் கடைசியிலிருந்த அகலமான கதவைக் காட்டினார். கதவில் சக்கர நாற்காலிப் படம் வரைந்திருந்தது. அவசரம்தானே, போய்ச் சட்டென்று வந்துவிடுங்கள் என்றார்.

இதுவரை தையல்காரர் மேல் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. பின்னாளில் அவரும் நடந்ததை இந்த இடம் வரைக்கும் நினைத்துப் பார்த்துவிட்டு, இதோடு நிறுத்திக்கொள்ளப் பலமுறை முயன்றார். மனசு நிறுத்த விடவில்லை.

உள்ளே வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், சோப்பு, கண்ணாடி, தண்ணீர் வருகிற குழாய். வாலு நான்கு நிமிடத்தில் எல்லாம் முடித்து, கைகழுவி, ஜட்டி போட்டுத் தயாராகிவிட்டாள். அப்போதே கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் வெளியே நான்காவது வரிசை காத்திருந்தது. உள்ளே குளுமையாக இருந்தது. தையல்காரர் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலித்தது என்று தெரிந்தது. போனை எடுத்தார். யாரோ ஒருவர் சட்டைக் காலர் வெட்டுகிற வீடியோ ஓடியது. வாலு கைகாய வைக்கும் இயந்திரத்தின் கீழே தலையை நீட்டி, முடி பறப்பதைப் பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

கதவை யாரோ தட்டினார்கள்.

"ஆள் இருக்கு," என்றார் தையல்காரர், சொந்த வீட்டுக்குள் இருப்பவர் குரலில். காலையிலிருந்து நாம் நிற்கவில்லையா, வருகிறவரும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததை அவர் பிற்பாடு மறைக்கவும் பார்த்தார், மறக்கவும் பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. காலர் வீடியோ முடிந்து இன்னொன்றும் முடிந்த பிறகு, மகளைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

வெளியே சக்கர நாற்காலியில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். சுத்தமான சட்டை, படிய வாரிய தலை. மடியில் ஒரு புத்தகப் பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். நாற்காலிக்குக் கீழே தரையில் ஈரம் ஓடியிருந்தது. நடைவழியில் நின்ற இரண்டு எழுத்தர்கள் அறிவிப்புப் பலகையை அவ்வளவு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பலகையில் ஒரு காகிதம்கூட ஒட்டியிருக்கவில்லை. நாற்காலிக்காரர் தையல்காரரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தையல்காரருக்கு மன்னிப்புக் கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, உரிமமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தெருவுக்கு வந்துவிட்டார்.

இரவு மனைவியிடம் பாதிக் கதையைச் சொன்னார். குழந்தைக்கு அவசரமென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள், விடுங்கள் என்றாள் அவள். இன்னொரு பாதியைச் சொல்லாததால் அந்த ஆறுதல் அவருக்கு ஒட்டவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் குறுகுறுத்தது.

பத்தாம் நாள் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. 'பொருள்: தரைத்தள நடைவழி ஈரமானது தொடர்பாக' என்று ஆரம்பித்து, சிறப்புக் கழிப்பறைப் பயன்பாட்டு உயர்நிலைக் குழுவின் முன் மூன்றாம் மாடியில் ஆஜராகுமாறும், சம்பந்தப்பட்ட குழந்தையை உடன் அழைத்து வருமாறும் எழுதியிருந்தது. தையல்காரருக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. போகட்டும், தண்டனை கொடுத்துவிட்டால் குறுகுறுப்பு நின்றுவிடும். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவர் சாட்சி. நடைவழியை அசுத்தப்படுத்திய குற்றத்துக்கு ஆளானவர் நாற்காலிக்காரர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மின்தூக்கி பழுது. அது பழுதாகி எட்டு மாதமாம். தையல்காரர் வாலுவைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, படிக்கட்டின் அடியில் நாற்காலிக்காரர் இருப்பதைப் பார்த்தார். கையில் அதே மாதிரிக் கடிதம். பார்க்காததுபோல ஏறிவிட்டார்.

குழுவில் தலைவர், வசதிப் பிரிவு மேலாளர், குறிப்பெடுக்கும் எழுத்தர் என்று மூன்று பேர். மூவரும் படியேறிய களைப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்தரப்பை அழைக்கும்படி தலைவர் சொல்ல, எழுத்தர் படிக்கட்டின் உச்சியில் நின்று பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். கீழேயிருந்து, இங்கேதான் இருக்கிறேன் என்று மூன்று முறையும் பதில் வந்தது.

"குரல் வந்துச்சு சார். ஆள் வரல," என்றார் எழுத்தர் திரும்பி வந்து. ஆஜராகவில்லை என்று பதிவானது.

பிறகு அவர் தையல்காரர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். கீழே இருப்பவர் டியூஷன் வாத்தியார். பல வருஷம் முன்னால் இந்த எழுத்தருக்கே கணக்கு சொல்லிக்கொடுத்தவர். இப்போது டியூஷன் நடத்த அனுமதி கேட்டு மாளிகைக்கு அலைகிறார். அன்று அறிவிப்புப் பலகையைப் படித்த இரண்டு பேரில் இவரும் ஒருவர் என்பது தையல்காரருக்கு அப்போதுதான் பிடிபட்டது. "எனக்குப் பாடம் சொன்னவர் சார். அந்த மரியாதைக்குத்தான் மூணு தடவையும் சத்தமாக் கூப்பிட்டேன்," என்றார் எழுத்தர்.

தலைவர் தொண்டையைச் செருமினார். செருமல் நீளமாக இருந்ததால் பேச்சும் நீளமாக இருக்கும் என்று தெரிந்தது.

"குறை சொல்றவங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். இந்த மாளிகையில சிறப்புக் கழிப்பறை தளத்துக்கு ஒண்ணுன்னு நாலு இருக்கு. ரெண்டாவது மாடியில இருக்கறதுல பழைய கோப்பெல்லாம் பத்திரமா இருக்கு. முதல் மாடியில தண்ணி வசதி நல்லா இருக்கறதால டீ போடுறோம். இந்த மாடியில இருக்கறதை நான் நேரடியாக் கவனிச்சுக்கறேன், சாவியே என்கிட்டதான் இருக்கு. ஆக எதுவும் சும்மா கிடக்கல. இப்படி நூத்துக்கு நூறு பயன்படுத்துற கட்டடத்தை நீங்க எங்க பார்த்திருக்கீங்க?"

தையல்காரர் எங்கும் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிரச்சினை இனிமேல்தான் என்றார் தலைவர். ஒரு பக்கம் கைக்குழந்தைக்காரர்கள், இன்னொரு பக்கம் நடக்க முடியாதவர்கள். இருக்கிற ஒரு கதவுக்கு இரண்டு தரப்பு. எந்தத் தரப்புக்கு அதிக உரிமை என்பதை ஆராய்ந்து நூறு பக்க அறிக்கை தயாராகிறது. ஒரு கதவு ஏன் என்று அறிக்கை ஆராயாது, அது குழுவின் வரம்புக்குள் வரவில்லை. கேமராவில் பார்த்ததில் தையல்காரர் பதினொரு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார். குழந்தைக்கு அந்தப் பதினொரு நிமிடமும் தேவைப்பட்டது என்று நிரூபணமானால் அவர்மேல் தப்பில்லை, மாளிகைமேல் தப்பில்லை. மீதி வாத்தியார்தான்.

"அவர் முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கணும்," என்றார் மேலாளர். "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வரும்னு. விண்ணப்பம் இருக்கு. முதல் மாடியில வாங்கிக்கலாம்."

நிரூபிக்க அடுத்த வாரம் ஒத்திகை வைத்தார்கள். தரைத்தளக் கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்து, எதிரே நாற்காலி போட்டுக் குழு உட்கார்ந்தது. ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். வேலை அதிகம் கெட்டுவிடவில்லை. குழந்தையை அரசுப் பணியில் ஈடுபடுத்துவது விதிக்கு முரண் என்று வாலுவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, அவளுக்குப் பதிலாக ஒரு கோப்புக் கட்டைத் தையல்காரர் கையில் கொடுத்தார்கள். கட்டு அவளைவிடக் கனம். குழுவின் உத்தரவின்பேரில் அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார், உட்கார வைத்தார், கழுவினார், துடைத்தார், நாடாவை இறுக்கிக் கட்டினார். மேலாளர் கடிகாரத்தை நிறுத்தினார். நான்கு நிமிடம் ஐந்து விநாடி.

தலைவர் முகம் சுருங்கியது. "கோப்புக்கு ஏது அவசரம்? நிதானமாப் பண்ணுங்க."

இரண்டாவது முறை ஐந்து நிமிடம். குழந்தை அடம் பிடிப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தையல்காரர் கோப்பிடம் கெஞ்சினார். ஆறரை நிமிடம். பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாடினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாலு மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, நான் அப்படியெல்லாம் பண்ணலையே," என்றாள் ஸ்டூலிலிருந்து. குழந்தையின் சாட்சியம் குறிப்பில் ஏறாது என்றார் எழுத்தர். ஏழாவது முறை, மேலாளரே ஒவ்வொரு இடத்திலும் 'நில்லுங்க, இப்போ போங்க' என்று கைகாட்டி நடத்தியதில் சரியாகப் பதினொரு நிமிடம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டுகிற கூட்டத்துக்குப் பின்னால் வாத்தியார் தன் நாற்காலியில் இருந்தார். எப்போது வந்தார், எத்தனை முறை பார்த்தார் என்று தெரியவில்லை. தையல்காரர் கையில் நனைந்த கோப்போடு நின்றார். பூமி பிளந்து உள்ளே விட்டால் தேவலை என்று இருந்தது. பூமிக்கு அந்த மாதிரி வசதியெல்லாம் கிடையாது.

மூன்றாவது அமர்வில் வாக்குமூலம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. பதினொரு நிமிடமும் குழந்தையின் தேவைக்கே செலவானது, கதவு தட்டப்பட்டது காதில் விழவில்லை என்று இரண்டே வரி. பக்கத்தில் அவருடைய கடை உரிமமும் இருந்தது. எல்லா முத்திரைகளும் வரிசையாக விழுந்து, மை காயாமல் பளபளத்தது. கையெழுத்துப் போட்டால் அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் மேலாளர். வாத்தியாருக்கு ஆறு மாதம் மாளிகைக்குள் நுழையத் தடை வரும். டியூஷன் அனுமதியை நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்பதால் அதுவும் தானாகக் காலாவதியாகிவிடும், தனியாக ஓர் உத்தரவு போடும் வேலை மிச்சம்.

தையல்காரர் பேனாவை வாங்கினார். உரிமம் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கடைக்குப் பூட்டு. மனைவி காலையில்கூட, இன்றைக்காவது வாங்கி வந்துவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் கேட்கிறார்கள். பேனா காகிதத்தைத் தொட்டது. மடியில் உட்கார்ந்திருந்த வாலு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், குழந்தை நாலு நிமிஷத்துல முடிச்சுட்டா," என்றார். "மீதி ஏழு நிமிஷம் நான் மூடிமேல உக்காந்து போன் பார்த்தேன். கதவைத் தட்டினது கேட்டுச்சு. கேட்டும் திறக்கல."

எழுத்தர் எழுதுவதா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் கோபப்படவில்லை. வழி தவறிப் போன பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"உங்களை யாராவது குத்தம் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் நீங்களா ஆரம்பிக்கிறீங்க? தையல்காரரே, இங்க முப்பது வருஷமா இருக்கேன். நான்தான் பண்ணேன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னைக்கு நீங்க ஏழு நிமிஷம்னு சொல்வீங்க. நாளைக்கு ஒருத்தன் ரெண்டாவது மாடிக் கதவைத் திறந்து காட்டுன்னு நிப்பான். அப்புறம் என் சாவியைக் கேப்பான். ஒரு ஏழு நிமிஷத்துக்காக இவ்வளவு பெரிய நிர்வாகத்தை நிறுத்தச் சொல்றீங்களா?"

வாக்குமூலத்தில் திருத்தம் எழுத இடமில்லை என்று மேலாளர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே இடமில்லை, ஓரம் வரைக்கும் அடித்திருந்தார்கள். உரிமம் மேசையின் மறுபக்கம் போனது. மறுபடி முதல் வரிசையிலிருந்து வரவேண்டுமாம். சாட்சி கையெழுத்து இல்லாததால் வாத்தியார் மேலான தடை நிலுவையில் வைக்கப்பட்டது. இரண்டு தரப்புக்கும் பாரபட்சம் கூடாது என்பதற்காக, அறிக்கை வெளியாகும்வரை தரைத்தளக் கழிப்பறையைப் பூட்டி வைப்பதென்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. பூட்டுப் போட மேலாளருக்கு அங்கேயே எழுத்துமூலம் அனுமதி கொடுத்தார்கள். ஒரு காரியம் ஒரே நாளில் முடிந்ததை அந்தக் கட்டடம் அன்றுதான் பார்த்தது.

வாத்தியார் கீழே நடைவழியில், அந்தக் கதவுக்குச் சற்றுத் தள்ளி இருந்தார். அன்றும் அவருக்கு ஆஜராகவில்லை என்று விழுந்திருந்தது. தையல்காரர் அவர் முன்னால் போய் நின்றார். மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லி முடித்தார். நான்கு நிமிடம், ஏழு நிமிடம், போன், எல்லாம். மேலே சொன்னது எழுத்தில் ஏறவில்லை என்பதையும் சொன்னார்.

வாத்தியார் "எனக்குத் தெரியும்," என்றார். "குழந்தை சிரிச்சது வெளியே கேட்டுச்சு. ஒண்ணுக்குப் போற குழந்தை அப்படிச் சிரிக்காது. இன்னொரு தடவை தட்டத்தான் கையைத் தூக்கினேன். பயந்துடப் போகுதேன்னு விட்டுட்டேன்."

தையல்காரர் மன்னிச்சுடுங்க என்று சொல்ல வாயெடுத்தார்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு எதிர்பார்க்காதீங்க," என்றார் வாத்தியார். "அன்னைக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்த பசங்க ரெண்டு பேர் அங்க நின்னாங்க."

வாலு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இப்போது ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை. தையல்காரர் சுற்றிப் பார்த்தார். ஆண்கள் பக்கம் அதே குளம். கொஞ்சம் பொறுத்துக்கோடா, தெருவுக்குப் போயிடலாம் என்று மகளிடம் சொன்னார். குழந்தை கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் கதவுக்கு வழி விட்டார். "கூட்டிட்டுப் போங்க."

"வேணாம் சார். நீங்க முதல்ல."

"எனக்கு இப்ப வரல. அதுக்குத்தான் வருது. கதவு என்ன என் சொத்தா? போங்க."

தையல்காரர் போனார். இந்தத் தடவை எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாலு கைகாய வைக்கும் இயந்திரத்தின் பக்கம் கையை நீட்டியபோது, ஈரக் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் சக்கரம் அவர் காலை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. வாத்தியாரின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. தாழ்ப்பாள் அவசரமாக விழுந்தது.

"அந்த மாமாவுக்கு அவசரமாப்பா?" என்றாள் வாலு.

"ஆமாம்மா."

"அப்போ ஏன் நம்மளை முதல்ல போகச் சொன்னாரு?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலாளர் புதுப் பூட்டும் உத்தரவுக் காகிதமுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். கதவைத் தட்ட விரலை மடக்கியவரைத் தையல்காரர் குறுக்கே போய் நிறுத்தினார். உள்ளே ஆள் இருக்கிறார் என்றார். எவ்வளவு நேரமாகும் என்று மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவருக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் ஆகும் சார்."

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

தையல்காரர் தலையைத் தூக்கவில்லை. மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கதவோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.